யார் சொன்னது, எங்கே சொன்னது

தினசரி காலண்டரின் ஒரு தாளைக் கிழிப்பதற்கு முன் நிதானமாகப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். திதி எத்தனை நாழிகை வரை, நட்சத்திரம் எப்போது மாறுகிறது, ராகு காலம் எது, எமகண்டம் எது, சந்திராஷ்டமம் எந்த ராசிக்கு, சூலம் எந்தத் திசையில், அதற்குப் பரிகாரம் வெல்லமா தயிரா என்று எல்லாம் கணக்காக அச்சாகியிருக்கும். வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்பதைக்கூடச் சில காலண்டர்கள் சொல்லிவிடுகின்றன. அதே தாளின் அடியில் ஒரு பொன்மொழி இருக்கும். அதன் கீழே விவேகானந்தர் என்றோ அப்துல் கலாம் என்றோ ஒரு பெயர் இருக்கும். பல நாட்களில் அதுவும் இராது. எந்த நூல், எந்தச் சொற்பொழிவு, யாரிடம் எப்போது சொன்னது என்ற கேள்விக்கு அந்தத் தாளில் இடமில்லை. நேரத்தில் நிமிடம் பிசகினால் சண்டைக்கு வரும் நாம், சொல்லில் ஆளே மாறிப்போனாலும் கவலைப்படுவதில்லை. நாளுக்கொரு சொல், மேற்கோள், அறிவுரைத் துணுக்கு என்று சேர்த்துவைக்கும் பழக்கத்தை மட்டமாகப் பேசுவது என் நோக்கமன்று. பழைய இலக்கியத்தில் இன்று நம் கையில் இருப்பதில் கணிசமான பங்கு அப்படிச் சேர்த்தவர்களின் கொடை. ஆனால் எல்லாத் தொகுப்பும் ஒரே மதிப்புடையதாகிவிடாது. எடுத்ததோடு எடுத்த இடத்தையும் குறித்துவைத்தாரா என்ற ஒன்றில்தான் தொகுப்பாளரின் பணி அறிவுக்குப் பயன்படுவதும் படாமற்போவதும் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்குத் தமிழில் கிடைக்கும் வலுவான சான்று புறத்திரட்டு. 15ஆம் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் இந்த நூலுக்கு நீதித்திரட்டு என்றும் ஒரு பெயர் உண்டு. நாலடியார், பழமொழி, புறநானூறு, சீவக சிந்தாமணி, சூளாமணி என முப்பதுக்கு மேற்பட்ட நூல்களிலிருந்து ஏறத்தாழ 1,570 செய்யுள்களை எடுத்து, குறளின் அதிகார முறையைத் தழுவி, பொருள்வாரியாக அடுக்கியிருக்கிறார் ஒருவர். அவர் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது அவருடைய ஒரு பழக்கம்: செய்யுள் எந்த நூலைச் சேர்ந்தது என்று எழுதிவைக்கும் பழக்கம். 1938இல் எஸ். வையாபுரிப் பிள்ளை இதைப் பதிப்பித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளிக்கொணர்ந்தபோது, அந்தப் பழக்கத்தின் பயன் முழுமையாகத் தெரிந்தது. தொகுப்பாளர் கையாண்ட நூல்களில் பல இன்று முழுதாக இல்லை. வளையாபதி, குண்டலகேசி, தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை, முத்தொள்ளாயிரம், சாந்திபுராணம், நாரதசரிதை ஆகியவற்றில் எஞ்சியவை இவர் கிள்ளியெடுத்துக் காப்பாற்றியவையும், உரையாசிரியர்கள் போகிற போக்கில் மேற்கோள் காட்டியவையுமே. ஐம்பெருங்காப்பியம் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற ஐந்தில் ஒன்றான வளையாபதியில் இப்போது கிடைப்பவை 72 செய்யுள்கள். அவற்றில் 66 புறத்திரட்டு தந்தவை. முத்தொள்ளாயிரத்தில் மிஞ்சிய 130 அளவிலான வெண்பாக்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை இதில் இருப்பவை. டி.கே.சி. ரசித்து ரசித்து உரை சொன்ன முத்தொள்ளாயிரமும் இந்தப் பெயரில்லாத மனிதரின் ஓலையிலிருந்து வந்ததுதான்.

முழு நூல் அழிய, துணுக்கு பிழைப்பது ஏன்? ஓலைச்சுவடி தானாக நிலைத்திருப்பதில்லை. ஈரமும் செல்லும் ராமபாணப் பூச்சியும் தின்று தீர்ப்பதற்குள் யாராவது உட்கார்ந்து புதுப் படி எடுக்க வேண்டும். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை இது நடந்தே தீரவேண்டும். ஆயிரக்கணக்கான விருத்தங்கள் கொண்ட ஒரு காப்பியத்தைப் படியெடுக்க ஓலை வேண்டும், எழுத்தாணி பிடிக்கும் கை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக இந்தக் கதை இன்னும் வேண்டும் என்று நினைக்கும் ஒரு கூட்டம் வேண்டும். சமணர், பௌத்தர் எண்ணிக்கை தமிழ்நாட்டில் சுருங்கியபோது அந்தக் கூட்டம் கலைந்தது. ஆனால் நிலையாமை, புலால் மறுத்தல், கல்வி பற்றிய நல்ல செய்யுள் எந்தச் சமயத்தவருக்கும் வேண்டியிருந்தது. நூலை நிராகரித்தவர்கள் அதன் வரிகளை ஏற்றுக்கொண்டார்கள். உ.வே. சாமிநாதையர் இளமையில் திருவாவடுதுறை மடத்தில் வளையாபதி ஏட்டைப் பார்த்ததாகவும், பின்னாளில் தேடியபோது அது கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்த ஒரு முழுப் பிரதியே கைதவறிப் போகும்போது, பொருள்வாரியாகப் பிரித்த திரட்டு தப்பியது. எடுத்துப் புழங்குவதற்கு எளிதாக இருந்ததே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

மூலக் குறிப்பு இல்லாமலும் இந்த 66 செய்யுள்களும் பிழைத்திருக்குமே என்று ஒருவர் கேட்கலாம். பிழைத்திருக்கும், வளையாபதியாகப் பிழைத்திருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க விவேக சிந்தாமணி இருக்கிறது. எளிமையால், குறும்பால், கிராமத்துத் திண்ணைகளில் கொடிகட்டிப் பறந்த நூல் அது. பல காலத்துப் பல கைகளின் பாடல்கள் சேர்ந்த திரட்டு என்பது படித்த மாத்திரத்தில் புரியும். ஆனால் எந்தப் பாடல் எங்கிருந்து வந்தது என்று சேர்த்தவர் சொல்லவில்லை. அதனால் அந்தப் பாடல்களை ரசிக்கலாம், மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். எந்த நூற்றாண்டின் மனப்போக்குக்குச் சான்றாகவும் அவற்றை நிறுத்த முடியாது. பெண்களைப் பழிக்கும் அதன் பாடல்களை எடுத்துக்கொண்டு 'அந்தக் காலத்தில் இப்படி நினைத்தார்கள்' என்று எழுதுகிறவர்களிடம் எந்தக் காலத்தில் என்று கேட்டால் பதில் வராது.

மூலக் குறிப்பின் வலிமையைப் போலவே, அது பாதியாக இருந்தால் பயனும் பாதியாகும் என்பதையும் புறத்திரட்டே காட்டுகிறது. அதன் தொகுப்பாளர் நூற்பெயரை எழுதினார். ஆசிரியர் பெயரை எழுதவில்லை. முத்தொள்ளாயிரம் என்ற பெயர் நமக்குத் தெரிகிறது. மூவேந்தரையும் பாடிய அந்தக் கவி யார் என்பது இன்றுவரை தெரியாது. தகடூர் யாத்திரையின் கதியும் ஏறக்குறைய இதுவே. அதியமானுக்கும் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் நடந்த போரைப் பற்றிய நூல் என்று தெரிகிறது; அதைக் கோத்த கை எது என்பது தெரியவில்லை. ஓலையின் ஓரத்தில் இன்னும் ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். நூலின் பெயரைச் சொன்னாலே ஆசிரியர் யாரென்று தெரியாதவர் இல்லை என்ற நிலை அவர் காலத்தில் இருந்திருக்கலாம். எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பில் எழுதாமல் விட்டதுதான் முதலில் மறந்துபோகிறது.

தொகுப்புகளின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் மிகக் கனமானது, வரியை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுப்பதே அதன் பொருளைக் கெடுப்பது என்பது. இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. குண்டலகேசியில் முழுமையாக எஞ்சியவை 19 செய்யுள்கள். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை ஒவ்வொரு பருவமும் சாவதையே வாழ்க்கை என்கிறோம், அப்படி நாள்தோறும் சாகிற நமக்காக நாம் ஏன் அழுவதில்லை என்று கேட்கிறது. இரங்கல் கூட்டங்களில் இதைச் சொல்லாத பேச்சாளர் குறைவு. காப்பியத்தின் கதையோ வேறு சூட்டில் ஓடுவது. கொலைத் தண்டனையிலிருந்து தான் மீட்டுக் கணவனாக்கிக்கொண்ட கள்வன் தன்னையே மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்க்க, அவனைத் தான் தள்ளிவிட்டுத் துறவுக்கும் வாதப் போருக்கும் போகிற பெண்ணின் கதை. பாலி மொழி நூல்களும் நீலகேசியின் உரையும் இந்தக் கதையைத் தருகின்றன. அந்தச் செய்யுளைச் சொல்வது யார்? கொலைக்குப் பின் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதா, ஒரு துறவி அவளைத் தேற்றுவதா? அவள் வாயில் வந்தால் அதில் ஒரு சாக்குப்போக்கின் வாடை கலந்துவிடும். துறவியின் வாயில் வந்தால் தத்துவம். திரட்டில் வந்த அளவில் அது வெறும் நிலையாமை.

கிரேக்கத்திலும் இதே சிக்கல் இன்னும் பெரிய அளவில் உண்டு. மாசிடோனியப் பகுதியைச் சேர்ந்த ஸ்தோபி என்ற ஊர்க்காரரான ஸ்டோபேயஸ், கி.பி. 5ஆம் நூற்றாண்டில், தம் மகன் செப்டிமியஸின் கல்விக்காக ஐந்நூறுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் பகுதிகளைப் பொருள்வாரியாகத் திரட்டினார். மகன் எவ்வளவு படித்தானோ, உலகம் நன்றாகவே பயன்பெற்றது. மூசோனியஸ் ரூஃபஸ் என்ற ஸ்டோயிக் தத்துவவாதியின் உரைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இந்தத் திரட்டின் வழியே வந்தவை. அழிந்துபோன யூரிப்பிடீஸ் நாடகங்களின் வரிகள் பலவும் இதில் இருக்கின்றன. ஆனால் ஸ்டோபேயஸ் தேடியது நீதி வாக்கியங்களை. சண்டை, அலறல், கிண்டல், ஆசை இவையெல்லாம் அவருடைய சல்லடையில் நிற்கவில்லை. அதனால் அந்தத் தொலைந்த நாடகங்கள் எல்லாம் ஓயாமல் உபதேசம் செய்துகொண்டிருந்தவை போன்ற ஒரு பொய்த் தோற்றம் வருகிறது. வளையாபதிக்கு நேர்ந்ததும் இதுவே. காதலும் வஞ்சனையும் அதில் எத்தனை இருந்தனவோ, நமக்கு அது இளமை நிலையாமையும் கள்ளுண்ணாமையும் பேசும் காப்பியம்.

யூரிப்பிடீஸ் உயிரோடு இருக்கும்போதே இந்த ஆபத்தைச் சந்தித்தவர். கி.மு. 428இல் அரங்கேறிய 'ஹிப்போலிட்டஸ்' நாடகத்தில், வாய் செய்த சத்தியத்துக்கு மனம் கட்டுப்படாது என்ற கருத்தில் நாயகன் கோபத்தில் ஒரு வரி சொல்கிறான். அந்த ஒற்றை வரி ஏதென்ஸ் நகரமெங்கும் பரவியது. அரிஸ்டோபனீஸ் தம் 'தவளைகள்' நாடகத்தில் அதைவைத்தே யூரிப்பிடீஸைக் கேலி செய்தார். ஒரு சொத்து வழக்கில் எதிராளி, பொய்ச் சத்தியத்துக்கு வழிகாட்டும் இந்த மனிதரை நம்பலாமா என்று அந்த வரியையே நீதிமன்றத்தில் தூக்கிப் போட்டதை அரிஸ்டாட்டில் தம் அணியியல் நூலில் பதிவு செய்திருக்கிறார். நாடகம் முழுவதும் இன்று நம்மிடம் இருப்பதால் உண்மை தெரிகிறது: ஹிப்போலிட்டஸ் அந்தச் சத்தியத்தைக் கடைசிவரை மீறவில்லை. மீறியிருந்தால் தந்தையின் சாபத்திலிருந்து தப்பியிருப்பான், காத்ததால் செத்தான். பிடுங்கிய வரி சொன்னதற்கு நேர் எதிரானதை நாடகம் சொல்கிறது. ஆக, பெயர்த்தெடுத்தால் பொருள் கெடும் என்ற குற்றச்சாட்டு முற்றிலும் சரி. ஆனால் அதிலிருந்து தொகுப்பே கூடாது என்ற முடிவு கிடைக்காது. அந்த வரியின் மேல் விழுந்த பழியை இன்று நம்மால் நீக்க முடிவதற்குக் காரணம், அது எந்த நாடகத்தின் வரி என்பது மறக்கப்படாமல் இருந்ததுதான். மூலம் குறித்த மேற்கோளில் தவறு நேர்ந்தால் அதைத் திருத்த ஒரு வழி திறந்திருக்கும். மூலம் இல்லாத மேற்கோளில் தவறு நேர்ந்ததா என்பதே தெரியாது.

நம் வீட்டு உதாரணம் புறநானூற்றின் 192ஆம் பாடல். கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாடலுடைய முதல் அடி உலக ஒற்றுமையின் முழக்கமாகிவிட்டது. வரவேற்பு வளைவுகளில், மாநாட்டுப் பந்தல்களில், அமைச்சர் உரைகளில் அது இருக்கும். 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அப்துல் கலாம் அதைச் சொன்னார். அடுத்த பன்னிரண்டு அடிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாடல் முதன்மையாக உலக சகோதரத்துவத்தைப் பற்றியது என்று சொல்வது கடினம். நன்மையும் தீமையும் பிறரால் வருவதில்லை, சாவு புதிதன்று, பேராற்றில் அடித்துச் செல்லப்படும் தெப்பம்போல உயிர் ஊழின் வழியே போகிறது என்று அது நகர்ந்து, இரண்டு உறுதிமொழிகளில் முடிகிறது. பெரியவர்களைக் கண்டு மலைக்கவும் மாட்டோம்; சிறியவர்களை இகழ்வதை அதைவிடவும் செய்யமாட்டோம். இந்தக் கடைசி அடிகளை ஆளுயரக் கட்அவுட்டுக்குப் பக்கத்தில் எழுதிவைக்க எந்தக் கட்சிக்காரரும் முன்வரமாட்டார். முதல் அடியை மட்டும் எடுத்துக்கொண்டது தவறா என்றால், அப்படிச் சொல்லிவிட முடியாது. எல்லா ஊரும் ஒன்றே என்ற நிலைக்கு அந்தப் பாடல் ஊழின் வழியாக வருகிறது, நாம் அரசியலின் வழியாகப் போகிறோம். எண்ணும் நூலும் தெரிந்திருப்பதால், விரும்பியவர் 192ஐப் புரட்டி இந்த வேறுபாட்டைத் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கவர்ச்சியானது. நல்ல கருத்துக்கு உரிமையாளர் எதற்கு? சொன்னவர் யாராக இருந்தாலும் பொருளைப் பார் என்று வள்ளுவரே அறிவுடைமை அதிகாரத்தில் சொல்லவில்லையா? சொல்கிறார். ஆனால் அவர் கேட்பது, பெயரைப் பார்த்து மயங்காமல் சொல்லைச் சோதி என்று. காலண்டரிலும் கைப்பேசியிலும் நடப்பது தலைகீழ்: சொல்லைச் சோதிக்காமல் இருப்பதற்காகவே பெயர் ஒட்டப்படுகிறது. சொன்னவர் யாராயினும் சரி என்பவர்கள், அதே வாக்கியத்தின் கீழே கேள்விப்படாத ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் பெயரைப் போட்டுப் பகிர்வார்களா என்று பார்க்கலாம். துணுக்குகளுக்கு ஓர் இயல்பு உண்டு. அவை எப்போதும் சிறிய பெயரிலிருந்து பெரிய பெயரை நோக்கி நகரும். ஆங்கிலத்தில் நகைச்சுவையான வாக்கியம் எதுவானாலும் சர்ச்சிலிடமோ மார்க் ட்வைனிடமோ போய்ச் சேர்ந்துவிடும். நம்மிடம் அந்த இடம் பல நூற்றாண்டுகளாக ஔவைக்குரியது. அதியமானைப் பாடிய சங்கப் புலவரும் ஆத்திசூடி எழுதியவரும் ஒரே கிழவியாகி, நாவற்பழத்துக் கதையும் அவர் பெயரில் சேர்ந்துகொண்டது. சிலேடையென்றால் காளமேகம்.

இந்த நகர்வால் பெயர் பெற்றவரே அதை ஒப்புக்கொண்ட ஒரு நிகழ்வும் உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் 'ஏழை ரிச்சர்டு' என்ற பெயரில் 1732 முதல் 1758 வரை ஆண்டுதோறும் ஒரு பஞ்சாங்கம் வெளியிட்டார். விசேஷ நாட்களுக்கு நடுவே எஞ்சிய சிறு இடங்களைப் பழமொழிகளால் நிரப்பினார்; உழைப்பு, சிக்கனம் பற்றியவையே அதிகம். கடைசிப் பதிப்பில் அவற்றையெல்லாம் திரட்டி ஒரு கிழவரின் சொற்பொழிவாக்கியபோது, இந்த ஞானத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தன்னுடையதில்லை, எல்லாக் காலத்தும் எல்லா நாட்டிலும் பொறுக்கியது என்று ரிச்சர்டின் வாயாலேயே சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள்? அவை அத்தனையும் இன்றுவரை பிராங்க்ளின் பொன்மொழிகள்தாம். ஸ்பானிய, இத்தாலிய, ஆங்கிலக் கிராமத்தாரின் அனுபவம் ஓர் அமெரிக்க வியாபாரியின் குணநலனாக மாறிப்போனது. மூலம் போனால் பெயர் மட்டுமா போகிறது? ஒரு நாட்டின் தன்மை பற்றி எழுதப்படும் வரலாறும் அதனால் கோணலாகிறது.

நாள்தோறும் ஒரு நல்ல வார்த்தை படிப்பது மன ஆறுதலுக்காக, அதில் போய் அடிக்குறிப்பு கேட்பது பண்டிதத் தொல்லை என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு டால்ஸ்டாயைத்தான் பதிலாக வைப்பேன், அவர் என் கட்சியில் இல்லாதபோதும். 1903இன் தொடக்கத்தில் நோயில் படுத்திருந்தபோது, அறையில் தொங்கிய தினசரி காலண்டர் தாள்களில் இருந்த அறிஞர் மொழிகளைப் படித்துவந்தவர், தாமே அப்படி ஒன்று தொகுக்க எண்ணினார். அந்த ஆண்டே நாளுக்கொன்றாக அறிஞர் சிந்தனைகளின் தொகுப்பு வெளிவந்தது. பிறகு 'வாசிப்பு வட்டம்' என்று அதை விரித்தார். கடைசிவரை திருத்திக்கொண்டே இருந்தார். அவருக்கு வேண்டியது வாசகரின் அன்றைய நாள் நல்லபடி கழிவது. அதனால் கூசாமல் வெட்டினார், மாற்றினார், மொழிபெயர்ப்பிலிருந்து மொழிபெயர்த்தார். ஆனால் அதை மறைக்கவில்லை. பல மேற்கோள்கள் மூலத்தோடு ஒத்திருக்கா என்று முன்னுரையிலேயே எச்சரித்தார். வேறு மொழியில் பெயர்ப்பவர்கள் மூலத்தைத் தேடிப் போகாமல் தம் ரஷ்ய வடிவத்தையே பெயர்க்கட்டும் என்றும் சொன்னார். திருக்குறளும் இப்படி ஐரோப்பிய மொழிபெயர்ப்பு வழியாக அவர் கைக்கு வந்ததுதான்; 1908இல் தாரகநாத் தாஸுக்கு எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' என்ற நீண்ட கடிதத்தில், தீமைக்கு நன்மை செய்வது பற்றிய குறளைப் பெயர் சொல்லிப் பயன்படுத்தினார். ஆறுதல் வேறு, ஆதாரம் வேறு என்று பிரித்துச் சொல்லும் நேர்மை அவரிடம் இருந்தது. இது மாற்றிய வடிவம் என்று சொல்லிவிட்டு மாற்றுகிறவரோடு எனக்கு வழக்கில்லை. பண்டிதத் தொல்லை என்று சலித்துக்கொள்பவர்களும், நினைவிலிருந்து எழுதுகிறேன் என்றோ, யார் சொன்னதென்று தெரியவில்லை என்றோ இரண்டு சொல் சேர்த்தால் போதும். புறத்திரட்டுக்காரர் பக்க எண்ணா கொடுத்தார்? நூற்பெயர், அவ்வளவே.

பழமொழிக்கு வந்தால் இந்த வாதம் தடுமாறுவதுபோல் தோன்றும். பழமொழிக்கு ஆசிரியர் இல்லை, நூல் இல்லை. மூலம் என்று எதை எழுதுவது? சந்தர்ப்பத்தை எழுத வேண்டும். யார், யாரிடம், என்ன நடந்தபோது சொல்வது என்பதே பழமொழியின் மூலம். முன்றுறை அரையனார் இதை உணர்ந்திருந்தார். பழமொழி நானூறில் ஒவ்வொரு வெண்பாவும் ஒரு நிலைமையை முதலில் சொல்லி, கடைசியில் பழமொழியைக் கொண்டுவந்து பொருத்துகிறது. பொருத்தம் சில இடங்களில் இழுபறிதான். ஆனாலும் இன்று வழக்கொழிந்த பழமொழிகள்கூட அந்த நிலைமையால் புரிகின்றன. ஐரோப்பாவில் எராஸ்மஸ் 1500இல் 818 பழமொழிகளோடு தொடங்கிய தொகுப்பு அவர் இறக்கும்போது நாலாயிரத்தைத் தாண்டியது. எந்தெந்த எழுத்தாளர் எந்த இடத்தில் இதைக் கையாண்டார் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் எழுதியது சில இடங்களில் தனிக் கட்டுரை அளவுக்கு வளர்ந்தது.

தமிழ்ப் பழமொழிகளை அச்சில் பெருமளவு சேர்த்தவர்கள் பாதிரிமார். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் 1840களில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். பின்பு சென்னையில் 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றோடு அதை விரித்தார். ஜான் லாசரஸின் பழமொழி அகராதி 1894இல் வந்தது. ஹெர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாக வகைப்படுத்தி ஒன்று கொண்டுவந்தார். இவர்கள் சந்தர்ப்பத்தைப் போதுமான அளவு எழுதவில்லை. ஆயினும் தேதியிட்ட புத்தகமாக இருப்பதாலேயே இவை இன்று ஒரு காரியம் செய்கின்றன. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பது தவறு, 'ஆயிரம் வேரைக் கொண்டவன்' என்பதே சரி என்ற விளக்கம் ஊரெல்லாம் சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. மூலிகை மருத்துவத்துக்கு மரியாதையும் சேர்க்கிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பதிவான வடிவம் பேரைக் கொன்றவன்தான். வைத்தியரைக் கிண்டல் செய்யும் சொலவடை உலகமெங்கும் உண்டு. நம் பாட்டன்மாருக்கும் அந்தக் குறும்பு இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம் என்று தெரியவில்லை. திருத்தம் சொல்கிறவர்கள் வேருள்ள வடிவத்தை ஒரு பழைய ஏட்டிலோ புத்தகத்திலோ காட்டட்டும், ஏற்றுக்கொள்ளலாம்.

வழங்கும் இடத்தைக் குறிப்பது எப்படி என்பதற்குத் தமிழிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1924க்கும் 1936க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. இலக்கியச் சொல்லானால் பொருளுக்குப் பக்கத்தில் நூற்குறிப்பு இருக்கும். பேச்சுச் சொல்லுக்கு நூல் ஏது? அதற்காகச் சுருக்கக் குறிகள் வைத்திருந்தார்கள்: இது உள்ளூர் வழக்கு, இது யாழ்ப்பாணத்து வழக்கு, இது நாஞ்சில் நாட்டில் சொல்வது, இது திருநெல்வேலியில் என்று. சந்தையிலும் வயலிலும் புழங்கிய ஒரு சொல்லுக்குப் புறநானூற்றுச் சொல்லுக்குரிய மரியாதையைக் கொடுத்த வேலை அது. அதன் பதிப்பாசிரியராகப் பத்தாண்டுகள் இருந்தவர்தான், அது முடிந்த கையோடு புறத்திரட்டைப் பதிப்பித்த வையாபுரிப் பிள்ளை. மூலக் குறிப்பின் அருமை தெரிந்த கைக்கு அந்தச் சுவடி போய்ச் சேர்ந்ததை நல்லூழ் என்றே சொல்ல வேண்டும்.

பழமொழித் தொகுப்புகளோ பெரும்பாலும் அகரவரிசையிலேயே நின்றுவிட்டன, கி.வா. ஜகந்நாதனின் பல தொகுதிகள் கொண்ட பெரும்பணியும் அந்த வரிசைதான். தேடுவதற்கு அது வசதி. ஆனால் 'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவான்' என்பது முதல் தொகுதியில் இருக்கும். 'தம்பி உள்ளான் படைக்கு அஞ்சான்' என்பது எங்கோ தள்ளி இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால், தமிழர் உடன்பிறப்பை நம்பினாரா இல்லையா என்று பட்டிமன்றமே நடத்தலாம், நடத்தியும் இருக்கிறார்கள். முதலாவது உடன்பிறந்தாரைப் பற்றியதே அன்று. படிக்காத பிள்ளையை, சொன்ன பேச்சுக் கேளாத ஆளைப் பிரம்பைக் காட்டி வழிக்குக் கொண்டுவருகிறவர் சொல்வது. அடிக்கு இருக்கும் ஆற்றலைச் சொல்ல அண்ணன் தம்பியை ஓர் ஒப்புக்கு இழுத்துக்கொள்கிறார். இரண்டாவது, வரப்புத் தகராறிலோ பங்காளிச் சண்டையிலோ கூடப்பிறந்தவன் வந்து பக்கத்தில் நின்றபோது சொல்வது. சந்தர்ப்பத்தை ஒரு வரி எழுதியிருந்தால் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு கிடைத்திருக்காது.